பேஸ்புக் பக்கம் இருக்கும்போது கடைக்குத் தனியாக இணையதளம் வைத்து எழுத வேண்டுமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறீர்கள், பேஸ்புக்கே போதாதா என்கிறீர்கள். போதாது. அங்கே போட்டது சில நாளில் கீழே போய்விடும். சொந்தத் தளத்தில் எழுதியது கூகுள் தேடலில் வருடக்கணக்கில் கிடைக்கும்.

எதை எழுதுவது? கடைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான். கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, உடனே கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும் இல்லையா? அதைப் படத்தோடு எழுதுங்கள். தீபாவளிக்கு முன்பு பட்டர்வொர்த்தில் ஒருவர் இதைத் தேடினால் உங்கள் கடை கண்ணில் படலாம். மலாய் மொழியிலும் எழுதினால் இன்னும் நல்லது. படித்துவிட்டு வருபவருக்குக் கடைக்குள் நுழையும் முன்பே உங்கள்மேல் பாதி நம்பிக்கை வந்திருக்கும்.

சரி, பலன் உடனே தெரியாது, சில மாதமாவது ஆகும். அதனால் தீபாவளிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.