ஊருக்கே தெரிந்ததற்கு எதற்குச் சான்று?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லையே என்று நானே ஒன்று எழுதினேன். 'ஆயிரம் ஆண்டுகள் பழமையான, புகழ்பெற்ற, எழில் கொஞ்சும் திருத்தலம்' என்பது முதல் வரி. இரண்டே நாளில் யாரோ அதற்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று போட்டுவிட்டார். ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு எதற்குச் சான்று?
- தஞ்சை மாவட்ட வாசகி

பதில்: ஊருக்குத் தெரியும், சரி. படிக்கிறவர் எல்லாரும் உங்கள் ஊர்க்காரர் இல்லையே. மட்டக்களப்பிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்து படிக்கிற பள்ளிப் பிள்ளைக்கு நீங்கள் யார் என்றே தெரியாது, நீங்கள் எழுதியதை வேறு எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும், அதற்குத்தான் அந்தக் குறிப்பு. நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வரியில் 'புகழ்பெற்ற', 'எழில் கொஞ்சும்' இரண்டையும் எடுத்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்துத் தாராசுரத்தையே பாருங்கள். 'உலகமே வியக்கும் கோயில்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. '12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்ந்தது' என்று எழுதுங்கள், வியப்பு தானாக வரும்.

அப்புறம் அந்த 'ஆயிரம் ஆண்டுகள்'. குருக்கள் சொன்னதா, தல வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறதா, கல்வெட்டில் இருக்கிறதா? மூன்றும் ஒன்றல்ல. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளிலும் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். கிடைத்தால் மன்னன் பெயர், ஆட்சியாண்டு, தொகுதி எண், பக்க எண் என்று எல்லாவற்றையும் கொடுங்கள். கிடைக்காவிட்டால் 'தல வரலாறு இப்படிக் கூறுகிறது' என்று அந்தப் புத்தகத்தின் பேரிலேயே எழுதுங்கள், அதுவும் பதிவாக வேண்டிய தகவல்தான். சுவரில் இதுவரை யாரும் படிக்காத கல்வெட்டை நீங்களே படித்திருக்கிறீர்களா? அது பெரிய காரியம். ஆனால் அதை முதலில் 'ஆவணம்' போன்ற தொல்லியல் இதழுக்கு அனுப்பி, அச்சில் வந்த பிறகு விக்கிக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் சொந்த ஆய்வை அங்கே ஏற்பதில்லை. கோயிலை நீங்களே படம் எடுத்து, விக்கிக் கட்டுரைகளுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம், அதற்குத் தடையில்லை.

குறிப்புப் போட்டவர்மேல் கோபப்படாதீர்கள், கட்டுரையைப் பற்றிக் கலந்து பேசுவதற்கென்றே அதனோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் போய் அவரிடமே கேளுங்கள். சான்று கொடுக்காமல் அந்தக் குறிப்பைச் சத்தமில்லாமல் அழிப்பது மட்டும் வேண்டாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் எல்லாம் தெரியும்.

கேள்வி: நான் 'மிதிவண்டி' என்று எழுதினால் இலங்கை நண்பர் 'துவிச்சக்கர வண்டி' என்று மாற்றுகிறார், நான் திரும்ப மாற்றுகிறேன். எது சரி?
- சேலம் வாசகர்

பதில்: இரண்டும் சரி. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியதிலிருந்தே இரு நாட்டுத் தமிழரும் சேர்ந்து எழுதி வளர்த்தது, உங்கள் ஊர்ச் சொல் மட்டும்தான் தமிழ் என்று அங்கே நிற்க முடியாது. மாற்றி மாற்றி அழிப்பதை இன்றே நிறுத்துங்கள். தலைப்பு எதுவாக இருக்கட்டும் என்று பேச்சுப் பக்கத்தில் முடிவு செய்துகொண்டு, முதல் வரியில் இரண்டு சொல்லையும் கொடுங்கள். மற்ற சொல்லைப் போட்டுத் தேடுகிறவரும் அதே கட்டுரைக்கு வந்து சேர ஒரு வழிமாற்றுப் பக்கம் உருவாக்கிவிடுங்கள், ஒரு நிமிட வேலைதான்.