எக்ஸ்ட்ரூடர் அடைக்கிறதா? ஸ்க்ரூவை மாற்றும் முன் அடைப்பைக் கிளறிப் பாருங்கள்

கேள்வி: திருவாரூர் பக்கம் பண்ணைக்குட்டையில் கிஃப்ட் திலேப்பியா மீன் வளர்க்கிறேன். கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகாமல் மிதக்கும் தீவனத்துக்குச் சின்ன எக்ஸ்ட்ரூடர் (மாவைச் சூட்டோடு ஸ்க்ரூவால் அழுத்தித் தள்ளுகிற மெஷின்) வாங்கினேன். 2 மி.மீ. டை (மாவு வெளியே வருகிற ஓட்டைத் தகடு) போட்டு ஓட்டினால் அரை மணி நேரத்தில் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றன. ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்கிறார் விற்றவர். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்க்ரூவுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஸ்க்ரூ தேய்ந்தால் எல்லா ஓட்டையிலும் வரத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாதி ஓட்டை நன்றாக ஓடி பாதி அடைத்தால் பெரும்பாலும் குற்றம் மாவில்தான்.

டையைக் கழற்றி, அடைத்த ஓட்டையில் இருப்பதை வெள்ளைத்தாளில் குத்தித் தள்ளிப் பாருங்கள். மக்காச்சோளத் தோல், முள், உமித் துண்டு வந்தால் அரவை போதவில்லை. 2 மி.மீ. ஓட்டைக்கு மாவின் துகள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ரவை மாதிரி இருந்தால் போதாது, அதைவிட நைசாக வேண்டும். மாவு மில்லில் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள், சலிப்பதே இல்லை. சலித்து மேலே நிற்பதை மறுபடி அரைக்கக் கொடுங்கள். வந்தது கருகிய கட்டியாக இருந்தால் சூடு அதிகம், அல்லது பழைய மாவு உள்ளேயே தங்கி வெந்திருக்கிறது. வாசனைக்காக வெல்லப்பாகு சேர்க்கிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள், அது கருகி ஒட்டுகிற சாமான்.

நறநறவென்று மணல் வந்தால் உங்கள் கருவாட்டுத் தூள் வியாபாரியை மாற்றுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கடற்கரை மணலில் காயப்போட்ட கருவாட்டை அப்படியே அள்ளி அரைத்து, எடைக்கு இன்னும் கொஞ்சம் மணலும் சேர்த்து, ‘புரதம் அறுபது’ என்று மூட்டையில் எழுதித் தருகிற தரகர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் மணல் தனியாகப் படியும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத ஆளிடம் வாங்காதீர்கள். மணல் டையை மட்டுமல்ல, அந்த ஸ்க்ரூவையும், அது சுற்றுகிற குழாயான பேரலையும்கூட அரித்துவிடும். அப்புறம் விற்றவர் சொன்னது உண்மையாகிவிடும்.

ஈரப்பதம் அடுத்தது. நீராவி விடாத உலர் வகை மெஷினில் மாவின் ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாவிலேயே ஏறக்குறைய 10 சதவீதம் இருப்பதால், பத்து கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் தெளித்துப் பிசிறி, கொஞ்ச நேரம் ஊறவிட்டால் கணக்கு சரியாக வரும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. ஈரம் கூடினால் பசையாகும், குறைந்தால் கருகும்.

மாவில் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கிறது. அதைத் தாராளமாகப் போட்டால் ஸ்க்ரூ வழுக்கும், மாவு உள்ளேயே சுற்றிக் கருகும், வெளியே வருவதும் மிதக்காது. எண்ணெய் நீக்கிய தவிடு வாங்குங்கள். மீன் எண்ணெய் கொடுக்க வேண்டுமென்றால் காய்ந்த தீவனத்தின் மேல் தெளித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு நேரத்தில் எண்ணெய்தான் உங்களைக் காப்பாற்றும், இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: மெஷினை நிறுத்தும்போது. வேலை முடியப்போகும் கடைசி ஓரிரு கிலோவுக்கு, எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிட்டைக் கொஞ்சம் கூடுதல் ஈரத்தோடு உள்ளே விடுங்கள். ஸ்டார்ச் மாவு ஆறினால் கல்லாகிவிடும், எண்ணெய்த் தவிடு இறுகாது. அடுத்த நாள் லேசான சூட்டிலேயே வெளியே வந்துவிடும். இது மிதக்காது, மீனுக்கு என்று குட்டையில் கொட்டாதீர்கள். இதைத் தினசரி செய்தாலே உங்கள் அடைப்பில் பாதி போய்விடும். செய்யாமல் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் ஹீட்டர் சூடேறும் முன்பே மோட்டாரைத் தட்டினால் பெல்ட் போகும், இல்லையென்றால் மோட்டார் போகும்.

அடைத்துவிட்டால்? மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். உள்ளே நீராவி அழுத்தம் இருக்கும், டைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றாதீர்கள். அழுத்தம் இறங்கும்வரை பொறுத்து, கையுறை போட்டு, பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு போல்ட்டாகக் கால் சுற்று தளர்த்துங்கள். முழுவதும் ஆறும்வரை விட்டுவிடவும் கூடாது, இளஞ்சூட்டிலேயே எடுக்க வேண்டும். எடுத்த டையைச் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். ஓட்டை உள்பக்கம் அகலமாக, வெளிப்பக்கம் குறுகலாக இருக்கும், அதனால் வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் சுலபம். பித்தளைக் கம்பியோ மூங்கில் குச்சியோ போதும். டிரில் பிட் வேண்டவே வேண்டாம். நாலு ஓட்டை பெரிதாகிவிட்டால் மாவெல்லாம் அந்த நாலில் ஓடும், மற்றது இன்னும் சீக்கிரம் அடைக்கும், அழுத்தம் குறைந்து தீவனம் மூழ்கும்.

இந்த மெஷின்கள் ஏன் இப்படி வந்து சேர்கின்றன என்றால், 2020-ல் வந்த மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வைத்தார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிற ஏஜென்ட், தனக்குக் கமிஷன் வருகிற மெஷினுக்குத்தான் கொட்டேஷன் வாங்கித் தருவார். மெஷின் நின்றிருக்கிற போட்டோ ஃபைலில் ஏறினால் எல்லாருக்கும் திருப்தி, அது ஓடுகிறதா என்று எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை. டெமோவில் வெறும் மக்காச்சோள மாவை ஓட்டிக் காட்டுவார்கள். அது எந்த மெஷினிலும் ஓடும். உங்கள் மாவை மூட்டையோடு கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது அதே வித்தையை உங்கள் பக்கம் திருப்புங்கள். நைசாகச் சலித்த மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் மட்டும் ஈரக் கணக்குப்படி கலந்து ஓட்டிப் பாருங்கள். அடைக்காமல் ஓடினால் ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது. அதுவும் சரியாக வராமல் மாவு கொட்டுகிற ஹாப்பர் பக்கமே திரும்பி வந்தால்தான் ஸ்க்ரூவைச் சந்தேகப்படலாம். அப்போதும் புதிது வாங்கும் முன் பக்கத்து லேத் பட்டறையில் காட்டுங்கள், தேய்ந்த விளிம்பில் வெல்டிங் வைத்துக் கடைந்து தர முடியுமா என்று பார்ப்பார்கள்.