டைட்டானிக்கின் பூட்டிய கதவுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டைட்டானிக் மூழ்கியபோது மூன்றாம் வகுப்புப் பயணிகளை மேலே வரவிடாமல் இரும்புக் கதவுகளைப் பூட்டிச் சாகவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையோ பாகுபாடே காட்டப்படவில்லை என்கிறது. எதை நம்புவது?

கே.

அன்புள்ள கே.,

பூட்டிய கதவுக்குச் சாட்சியம் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த அயர்லாந்து இளைஞர் டேனியல் பக்லி, முதல் வகுப்புத் தளத்துக்கு ஏறும் படிக்கட்டின் மேல்முனையில் இருந்த சிறு கதவை ஒரு மாலுமி பூட்டியதாகவும், பயணி ஒருவர் பூட்டை உடைத்ததாகவும் அமெரிக்க செனட் விசாரணையில் சொன்னார். திரைப்படங்களில் வரும் கூரை உயரக் கம்பிக் கதவு அன்று அது. அதே பக்லி, மற்ற வகுப்பினருக்கு இருந்த வாய்ப்பு தங்களுக்கும் இருந்ததாகவே கருதுவதாகவும் அங்கே சொன்னார் என்பதை, பூட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. முதல் வகுப்பில் பத்தில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஏறிய சுமார் 700 பேரில் பிழைத்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். முதல் இரு வகுப்புகளிலும் சேர்த்து இறந்த குழந்தை ஒன்றே ஒன்று. மூன்றாம் வகுப்பிலோ ஏறத்தாழ 80 குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு இறந்தது.

காரணத்தைக் கப்பலின் அமைப்பிலேயே தேடவேண்டும். தொற்றுநோய் அச்சத்தால் குடியேறிகளை மற்ற பயணிகளிடமிருந்து பிரித்தே கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்கக் குடியேற்ற விதிகள் கோரின. நியூயார்க் சேர்ந்ததும் மேல்வகுப்பினரின் சோதனை கப்பலிலேயே முடிந்துவிடும், கீழ்வகுப்பினர்தான் குடியேறிகளைச் சோதிக்கும் நிலையமான எல்லிஸ் தீவில் வரிசையில் நிற்கவேண்டும். ஆகவே மூன்றாம் வகுப்பினரில் தனியாக வந்த ஆண்களுக்குக் கப்பலின் முன்பகுதியிலும், பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் பின்பகுதியிலும் இடம் ஒதுக்கினார்கள். உயிர்காப்புப் படகுகள் இருந்ததோ முதல், இரண்டாம் வகுப்பினர் உலாவும் மேல்தளத்தில். அன்றிரவு ஜான் ஹார்ட் என்ற பணியாளர் பெண்களையும் குழந்தைகளையும் இரண்டு குழுக்களாக அழைத்துச் சென்றபோது, திறந்த தளத்தைக் கடந்து, இரண்டாம் வகுப்பு நூலகத்தைத் தாண்டி, முதல் வகுப்புப் பகுதிக்குள் புகுந்துதான் படகுகளை அடைய முடிந்தது. நான்கு நாள் பயணத்தில் அவர்கள் ஒருமுறையும் கால்வைத்திராத வழி அது.

இதனால் கப்பலை இயக்கிய ஒயிட் ஸ்டார் நிறுவனம் ஏழைகளை வெறுத்தது என்று கொள்ளவேண்டாம். குடியேறிகளின் கட்டணம் அதற்கு முக்கிய வருமானம். மூன்றாம் வகுப்பு உணவுப் பட்டியலிலேயே, சாப்பாட்டிலோ பணியாளரின் நடத்தையிலோ குறை இருந்தால் உடனே தெரிவிக்கவும், அடையாளத்துக்காக ஒவ்வொரு பணியாளரும் கையில் எண்ணிட்ட வில்லை அணிந்திருப்பார் என்று அச்சிட்டிருந்தார்கள். சுட்ட மாட்டிறைச்சியும் பிளம் புட்டிங்கும் அந்தப் பட்டியலில் உண்டு. மேல்தளத்துக்கு நேர்வழிதான் கிடையாது.

நீங்கள் சொல்லும் அறிக்கை மெர்சி பிரபுவுடையது. அவருடைய விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. அவர்கள் சார்பில் வாதாடிய ஹார்பின்சனே தடுத்து நிறுத்தப்பட்டதற்குச் சான்றில்லை என்று ஒப்புக்கொண்டார். யாராவது தடுத்தார்களா என்ற கேள்விக்கு அந்த அறிக்கை தரும் பதில் ஏறக்குறைய சரி என்றே நினைக்கிறேன். வழி வைத்திருந்தார்களா என்ற கேள்விக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.