ரொட்டியிலும் தீவனத்திலும் ஒரே பாகு: மொலாசஸைக் குழந்தைக்கு விளக்குவது எப்படி?

"ரொட்டி உறையில் 'மொலாசஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் படித்த என் ஒன்பது வயது மகள், 'அது மாட்டுத் தீவனத்தில் கலக்கும் கழிவுதானே, அதை நாம் ஏன் சாப்பிடுகிறோம்?' என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? சர்க்கரைக்குப் பதிலாக அதை வீட்டில் பயன்படுத்தலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ரொட்டியில் சேர்வதும் தீவனத்தில் சேர்வதும் ஒரே குடும்பத்துப் பாகுதான். எடுக்கப்படும் கட்டமும், கையாளும் தூய்மையும் மட்டுமே வேறுபடுகின்றன. மொலாசஸ் என்பது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு. அது எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால், மீதிக் கேள்விகளுக்கான விடையை அவளே ஊகித்துவிடுவாள்.

கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து அழுக்கைத் தெளிய வைத்து, தெளிந்த சாற்றைக் கெட்டியாகும்வரை காய்ச்சி, அதில் சர்க்கரைப் படிகங்களை வளர விடுவார்கள். படிகமும் பாகும் கலந்த அந்தக் கூழைச் சிறு துளைகள் கொண்ட கூடையில் இட்டு அதிவேகமாகச் சுழற்றும்போது, படிகம் கூடைக்குள்ளேயே தங்கிவிட, பாகு துளைகளின் வழியே வெளியேறிவிடுகிறது. வெளியேறிய பாகிலும் சர்க்கரை மிஞ்சியிருப்பதால், அதை மறுபடியும் காய்ச்சிச் சுழற்றுவார்கள். பெரும்பாலான ஆலைகளில் இது மூன்று முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் பாகின் நிறம் கறுத்து, இனிப்பு குறைந்து, கசப்பு ஏறும். கடைசியில் மிஞ்சுவதுதான் கழிவுப்பாகு. ஒரு டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இது கிடைக்கிறது. பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் நாடுகளிலும் இப்படியொரு பாகு மிஞ்சும். அதன் சுவை நாவுக்கு ஒவ்வாததால், அது பெரும்பாலும் தீவனத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமே போகிறது.

இந்தக் கடைசிப் பாகிலும் ஏறத்தாழப் பாதி சர்க்கரைதான் என்பதைக் குழந்தைகள் நம்ப மறுப்பார்கள். அப்படியானால் அது ஏன் படிகமாகவில்லை? ஒரே உயரமுள்ள பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்பதைப் போலச் சர்க்கரை மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தால்தான் படிகம் உருவாகும். பாகில் இருக்கும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், பொட்டாசியம் முதலிய உப்புகள் எல்லாம் இடையில் புகுந்து அந்த வரிசையைக் கலைத்துவிடுகின்றன. மொலாசஸின் பயன்கள் பலவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து: படிகமாக மறுத்த சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ரொட்டியும் கேக்கும் விரைவில் காய்வதில்லை, அதே சர்க்கரை நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவாக இருப்பதால், ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டைப் பெருமளவில் வளர்ப்பதற்கும், சிட்ரிக் அமிலத்தையும் எத்தனாலையும் தயாரிப்பதற்கும் ஆலைகள் இந்தப் பாகைப் பயன்படுத்துகின்றன. வாகன எரிபொருளில் கலக்கும் எத்தனாலில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான். உலர்ந்த தீவனத்தில் இதைத் தெளித்தால் தூசி அடங்குகிறது, மாடுகளும் விரும்பித் தின்கின்றன. குளிர்நாடுகளில், சாலைப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு எளிதில் சிதறிப்போகாமல் ஒட்டிக்கொள்ள, கிழங்குப் பாகை அதனுடன் கலப்பதும் உண்டு.

வரலாறு கேட்கும் வயது வந்திருந்தால், அமெரிக்காவின் பாஸ்டன் நகர விபத்தையும் நிதானமாகச் சொல்லலாம். 1919 ஜனவரி 15 அன்று, ஆல்கஹால் தயாரிப்பதற்காக அங்கே மொலாசஸ் சேமித்து வைத்திருந்த ஏறத்தாழ 50 அடி உயரத் தொட்டி உடைந்து, 21 பேர் இறந்தனர். கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் பாகு, அவ்வளவு உயரத்திலிருந்து மொத்தமாக விடுபட்டபோது பேரலையாகப் பாய்ந்தது. பிறகு குளிரில் இறுகி, மீட்புப் பணியையும் கடினமாக்கியது.

வீட்டில் பயன்படுத்துவதைப் பற்றி: உணவுத் தரம் என்று குறிப்பிட்டுப் புட்டியில் விற்பதை மட்டுமே வாங்குங்கள். தீவனத்துக்கான பாகை மலிவு என்பதற்காக ஒருபோதும் சமையலில் சேர்க்கக் கூடாது. உணவுக்குரிய தூய்மையோடு அது கையாளப்படுவதில்லை. கேக் செய்யும்போது சர்க்கரையில் பாதிக்கு மேல் இதை மாற்றாதீர்கள், இல்லாவிட்டால் கசப்பு மேலோங்கிவிடும். பாகிலேயே நீர் இருப்பதால் மாவில் சேர்க்கும் திரவத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். இரும்புச் சத்தும் கால்சியமும் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதைவிட இதில் அதிகம் என்பது உண்மை. ஆனால் கடைசிக் கட்டத்துக் கரும்பாகில்கூட ஒரு மேசைக்கரண்டிக்குச் சில மில்லிகிராம் அளவு இரும்புதான் கிடைக்கும். இரத்தசோகைக்கு மருந்தாக இதை நம்ப வேண்டாம். இனிப்பை அளவோடு கொடுப்பது என்ற விதியே இதற்கும் பொருந்தும்.

உங்கள் மகளுக்கு ஒரு சோதனையும் சொல்கிறேன். கடையில் விற்கும் பழுப்புச் சர்க்கரை பெரும்பாலும் மொலாசஸ் பூசிய வெள்ளைச் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையை, இனிக் கரையாது என்னும்வரை குளிர்ந்த நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி பழுப்புச் சர்க்கரையை மெல்லிய வெள்ளைத் துணியில் வைத்து, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். ஏற்கெனவே சர்க்கரை நிறைந்த நீர் என்பதால் அது படிகங்களைக் கரைக்காது. மேலே ஒட்டியிருக்கும் பாகை மட்டும் கழுவிச் செல்லும். கீழே பழுப்பு நீர் வடிய, துணியில் இருக்கும் படிகங்கள் படிப்படியாக வெளுப்பதை அவள் பார்ப்பாள். ஆலையின் சுழலும் கூடையிலும் இவ்வாறே படிகத்தின் மீது நீரைத் தெளித்து, கடைசியாக ஒட்டியிருக்கும் பாகை நீக்குகிறார்கள்.