பேரப்பிள்ளைகளோடு டிஸ்னி போகும் பெரியவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

காரைக்குடியிலிருந்து கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம், டிஸ்னிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள், தலைசுற்றும் சவாரிகளில் எங்களால் ஏற முடியாது, டிக்கெட் காசு வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. ரெட்வுட் க்ரீக் சேலஞ்ச் டிரெயில் என்ற காட்டு விளையாட்டுப் பாதையின் பெயரை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவின் அனஹைம் ஊரில் டிஸ்னி பார்க் இரண்டு, எதிரெதிரே இருக்கின்றன. 1955-இல் திறந்த டிஸ்னிலேண்ட் ஒன்று, 2001-இல் திறந்த டிஸ்னி கலிபோர்னியா அட்வெஞ்சர் இன்னொன்று. நான் சொல்லும் இடம் இரண்டாவதில் இருக்கிறது. உள்ளே போனால் கரடித் தலை மாதிரி ஒரு பாறை மலை தெரியும். கலிபோர்னியாவின் கொடியில் இருப்பதும் இந்த கிரிஸ்லி கரடிதான். வேட்டையாடி வேட்டையாடி 1920-களிலேயே அந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. மலையைச் சுற்றித் தண்ணீரில் மிதவைச் சவாரி ஓடும், கூட்டமும் அங்கேயே ஓடும். பக்கத்திலேயே மரங்களுக்குள் இருக்கும் இந்தக் காட்டுப் பாதையைத் திரும்பிப் பார்க்காமலே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

உள்ளே நுழைந்தால் மரக் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் கயிற்றுப் பாலங்கள், பாறையில் செதுக்கிய சறுக்குகள், பக்கவாட்டில் பிடித்து நகரும் ஏறுசுவர், ஒரு குகை. குகைச் சுவரில் கையை வைத்தால் உங்களுக்கான விலங்கு எது என்று சொல்கிறது. வாசலில் கேட்டால் வரைபடம் தருவார்கள், பிள்ளைகள் ஒவ்வொரு வேலையாக முடித்துக் குறித்துக்கொண்டே போகலாம்.

கோபுரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை வெறும் ஏறி இறங்கும் படி என்று நினைக்கிறார்கள். காட்டுத் தீ எங்கே புகைகிறது என்று பார்க்க அமெரிக்க வனத்துறை மலை உச்சிகளில் கட்டிய கண்காணிப்புக் கோபுரங்களின் மாதிரி அவை. விட்னி, ஷாஸ்தா, லாசென் என்று கலிபோர்னியாவின் மலைப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் விளையாட்டுக்கு ஸ்மோக்ஜம்பர் பயிற்சி என்று பெயர். சாலை போகாத காட்டுக்குள் தீயணைக்க விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதைப் பேரனுக்குச் சொன்னதும் அவன் இறங்கி வந்து திரும்ப வரிசையில் நின்றுகொண்டான்.

எனக்குப் பிடித்தது வேறு. பாதையில் ஒரு பெரிய ரெட்வுட் மரத்தின் குறுக்குவெட்டு இருக்கிறது. வளையம் வளையமாக, நடுவிலிருந்து விளிம்பு வரை. இன்ன வளையம் இன்ன காலத்தது என்று குறிப்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வளவில் பர்மா தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவள் நான். மரம் என்றால் கை தானாகப் போய்த் தடவும். பேரனைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வளையம் ஒரு வருஷம், மழை நன்றாகப் பெய்தால் அகலம், பஞ்சம் என்றால் நெருக்கம் என்று சொன்னேன். "அப்போ ஆயா, நம்ம ஊர்த் தூணுக்கும் வயசு எண்ணலாமா?" என்றான். தூண் முழுசாக நிற்கும்போது எண்ண முடியாது, வெட்டு முகம் தெரிய வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு நெடுநேரம் விரலால் வளையங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

ரெட்வுட்டின் உயரத்தையும் சொல்லிக்கொடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. உலகிலேயே உயரமான மரமான ஹைப்பீரியன், வட கலிபோர்னியாவில் நிற்கும் ரெட்வுட், சுமார் 380 அடி. இவ்வளவு உயரத்துக்கும் வேர் ஆழமாகப் போவதில்லை. பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. கோடையில் மழை இல்லாத அந்தக் கடற்கரையில் மூடுபனியிலிருந்தும் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த பார்க்கில் மற்ற இடமெல்லாம் "கையைப் பிடி, நில், இன்னும் முக்கால் மணி நேரம்" என்பதுதான் பேச்சு. பெரிய சவாரிகளுக்கு 40 அங்குலம், 42 அங்குலம் என்று உயரம் பார்ப்பதால் அண்ணன் ஏறுவான், தங்கை அழுவாள். இங்கே இரண்டு பேரும் சேர்ந்து ஓடலாம். ஏறுசுவருக்கும் கம்பி விளையாட்டுக்கும் மட்டும் உயரம் பார்ப்பார்கள். பெரியவர்களும் பாலத்தில் நடக்கலாம், முடியாவிட்டால் கீழேயே நடைபாதை இருக்கிறது, உட்கார இடமும் உண்டு.

மதியம் சவாரி வரிசைகள் நீளும் நேரத்தில் போங்கள், நிழல் கிடைக்கும். இருட்டுவதற்குள் மூடிவிடுவார்கள், மழை பெய்தாலும் மூடிவிடலாம், அதனால் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஆச்சிமார்கள் அன்றைக்குச் சேலை வேண்டாம், சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு போவது நல்லது. வலைப் பாலத்தில் கொசுவம் மாட்டும்.

அப்புறம், பேரப்பிள்ளைகள் டிசம்பர் லீவில் ஊருக்கு வந்தால் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். காரைக்குடிக்காரர்களே பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கொக்கு எல்லாம் கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளும் என்பதற்காகப் பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், வீட்டில் பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.