பயிற்சி விமானத்துக்கு டம்மி ஏவுகணை லாஞ்சர்: சின்னப் பட்டறையில், குறைந்த செலவில் முடியுமா?

"பயிற்சி விமானத்தில் மாட்டும் டம்மி ஏவுகணை லாஞ்சரைக் குறைந்த செலவில் வடிவமைக்க முடியுமா? சுடவே போகாத பொம்மைக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் தாண்டிப் போயிருப்பேன். அந்த 'பொம்மை'தான் உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது. 2014-ல் நான் இந்த வேலையை எடுத்தபோது, ஒரு கல்யாணப் பந்தியில் என் தாய்மாமா நாலு பேர் காதில் விழும்படி, "விளாச்சேரியில களிமண்ணுல செய்யிறதை எங்க மாப்ள புதூர்ல அலுமினியத்துல செய்யிறாரு" என்றார். விளாச்சேரி கொலு பொம்மைக்காரர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனாலும் அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

நீங்கள் இறுதியாண்டு ஏரோநாட்டிகல் மாணவர் என்று நினைக்கிறேன். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ரிப்போர்ட்டும் மாடலும் சேர்த்து வாங்கப் போகிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அவர்கள் தெர்மாகோலில் அழகாகச் செய்து தருவார்கள். நிஜமாகவே உலோகத்தில் செய்து பார்க்கும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானப் பொறியாளர் இல்லை. டிப்ளமோ மெக்கானிக்கல். மதுரை புதூர் சிட்கோவில் அப்பா விட்டுப்போன பட்டறையில் நாலு லேத், ஒரு மில்லிங், கடன் வாங்கிப் போட்ட ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் குடையும் மெஷின்). வேலை கொடுத்தது வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று. மேல்நிலை டிசைன் அவர்களுடையது, பறப்பதற்கான ஒப்புதல் வாங்குவதும் அவர்கள் பாடு. உள்ளே என்ன பாகம், எதை எப்படிச் செய்தால் விலை குறையும் என்கிற விவரமான டிசைன்தான் என்னிடம் வந்தது. எந்த விமானம் என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "ராணுவ ரகசியத்தை இணையத்தில் போடுகிறான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். கீழே வரும் ஏவுகணை எண்கள் ஐம்பது வருடமாகப் புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருப்பவை.

சரி, விஷயத்துக்கு வருவோம். லாஞ்சர் என்பது விமானத்தில் ஏவுகணையைத் தாங்கிப் பிடித்து, சுடும்போது வெளியே விடும் சட்டம். டம்மி என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. தரையில் ஆயுதப் பிரிவு ஆட்கள் ஏவுகணையை ஏற்றி இறக்கிப் பழக ஒன்று. பைலட்டுக்கு எடையும் காற்று எதிர்ப்பும் பழக, சும்மா தூக்கிக்கொண்டு பறக்க ஒன்று. மூன்றாவது, மோட்டாரும் வெடிமருந்தும் இல்லாமல் மூக்கில் இலக்கைத் தேடிப் பிடிக்கும் நிஜமான சீக்கர் மட்டும் உயிரோடு இருக்கும் பயிற்சி ஏவுகணையைத் தாங்குவது. அதற்கு மின் இணைப்பு வேண்டும், சீக்கரைக் குளிர்விக்கும் வாயு வேண்டும், இலக்கைப் பிடித்ததும் பைலட் காதில் ஒலி கேட்க வேண்டும். மூன்றாவதில் 'குறைந்த செலவு' என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் செய்தது இரண்டாவது வகை.

நிஜ லாஞ்சரையே மாட்டிப் பறக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அதிர்விலேயே அதன் ஆயுளும் ஏவுகணையின் ஆயுளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தினம் நாலு தடவை ஏறி இறங்கும் பயிற்சி விமானத்தில் அதைக் கரைக்க யாருக்கும் மனசு வராது.

நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ரயில் லாஞ்சர் என்பது கவிழ்த்துப் போட்ட தண்டவாளம். சைட்வைண்டர் ஏவுகணையின் முதுகில் மூன்று ஹேங்கர்கள், அதாவது தொங்குவதற்கான பிடிகள் இருக்கும். அவை தண்டவாளத்தின் உதட்டில் தொங்கும். மோட்டார் பற்றியதும் ஏவுகணை முன்னோக்கி வழுக்கிக்கொண்டு வெளியேறும். அதுவரை பிடித்துவைக்க டிடென்ட் என்ற ஒரு பூட்டு. கூடவே சுடும் மின்சுற்று, வாயுக் குப்பி, பவர் சப்ளை. டம்மியில் சுடுவதற்கான அத்தனையையும் கழற்றி எறியலாம், பெரும் பணம் அங்கேதான் இருக்கிறது. டிடென்டுக்குப் பதில் குறுக்கே ஒரு போல்ட்டும் ஸ்டாப்பரும் போதும். ஆனால் அந்தப் போல்ட்டில் கஞ்சத்தனம் கூடாது. ஓடுபாதையில் பிரேக் பிடித்ததும் டம்மி ஏவுகணை மட்டும் முன்னால் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கழற்ற முடியாதவை மூன்று: எடை, எடையின் மையம், வெளி உருவம். தொங்குவது டம்மியா நிஜமா என்று இறக்கைக்குத் தெரியாது. எடை மையம் தள்ளிப் போனால் இறக்கை நடுங்கும் விதமே மாறிவிடும். ப்ளட்டர் என்பார்கள், இறக்கையையே பிய்த்துவிடக்கூடியது. இது புரியாவிட்டால் சித்திரைத் திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களைக் கேளுங்கள். சாமி அரை அடி பின்னால் உட்கார்ந்துவிட்டால் பின்தண்டுக்காரர் தோளுக்கு உடனே தெரியும். சாமி அதே எடைதான், ஆனால் திரும்பும்போது ஆட்டம் வேறு.

பலத்துக்கு வருவோம். சைட்வைண்டர் சுமார் 85 கிலோ, விட்டம் 127 மி.மீ. 7 ஜி திருப்பத்தில், அதாவது எடை ஏழு மடங்காகத் தெரியும் திருப்பத்தில், அந்த 85 கிலோ 595 கிலோவாக இழுக்கும். விமானத் துறையில் அதை 1.5-ஆல் பெருக்கிய சுமையிலும் உடையக் கூடாது, அதாவது கிட்டத்தட்ட 900 கிலோ. முறையான சோதனை கம்பெனியில்தான் நடக்கும், ஆனால் அனுப்புவதற்கு முன் எனக்குத் தூக்கம் வர வேண்டுமே. தனியாக ஒரு சோதனைத் துண்டு செய்து, கர்டரில் மாட்டி, 50 கிலோ சிமெண்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். சரியாக 18 மூட்டை. எங்கள் போர்மேன் அண்ணன் எண்ணி முடித்துவிட்டு அழகர்கோயில் திசையில் ஒரு கும்பிடு போட்டார். "பதினெட்டாம்படியான் கணக்கு தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகவில்லை. (பக்கவாட்டுச் சுமை, அதிர்வு, சோர்வு எல்லாம் மூட்டையில் தெரியாது. தெரியும் என்று நான் சொல்லவில்லை. கமெண்டில் வந்து வகுப்பு எடுக்காதீர்கள்.)

உள்ளே கழற்றிய பாகங்களின் எடையைத் திரும்பச் சேர்க்க வேண்டும். குழிக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிடலாம் என்பது போர்மேன் யோசனை. ஈயம் உருகுவது 327 டிகிரியில். நாங்கள் பயன்படுத்திய 6061-டி6 அலுமினியத்துக்கு அந்த வலு வருவதே 170 டிகிரிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் பக்குவப்படுத்துவதால்தான். அதன்மேல் கொதிக்கும் ஈயத்தை ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய வலு போய்விடும். போதாததற்கு ஈயம் ஆறும்போது சுருங்கி, பிறகு உள்ளே கடகடவென்று ஆடும். கடைசியில் எஃகுக் கட்டைகளைப் போல்ட்டில் இறுக்கி, போல்ட் கழன்றுவிடாமல் லாக் வயர் கட்டினோம். கட்டையை முன்பின் நகர்த்தி எடை மையத்தைச் சரிசெய்ய நீள்துளையும் வைத்தோம். அந்த நீள்துளை என் யோசனை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இனி நான் அவமானப்பட்ட கதை. ட்ராயிங்கில் விமானத்தோடு சேரும் இரண்டு முக்கியத் துளைகளுக்கு இடையே 800 மி.மீ., கூடக்குறைய 0.1 மி.மீ. மட்டும் இருக்கலாம். முதல் இரண்டு பீஸை மே மாதம் செய்தோம். வெர்னியர், டயல் கேஜ் எல்லாம் வைத்து நானே அளந்தேன், அச்சுப் பிசகாமல் இருந்தது. லாரியில் ஏற்றி அனுப்பினோம். நாலாம் நாள் போன்: இரண்டுமே 0.16 குறைவு, ரிஜெக்ட். எனக்கு நம்பிக்கையே இல்லை. அவர்களுடைய சி.எம்.எம்., அதாவது அளக்கும் மெஷின்தான் கோளாறு என்று போனில் கத்தினேன். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே குறை சொல்கிறார்கள் என்று வீட்டிலும் இரண்டு நாள் புலம்பினேன்.

விடை போர்மேனிடமிருந்துதான் வந்தது. டீ குடித்துக்கொண்டே, "தம்பி, நாம மதியம் ரெண்டு மணிக்குத்தான ஓட்டை போட்டோம்? வெயில்ல இரும்பு வளர்றது ஒரு கணக்கு, அலுமினியம் வளர்றது வேற கணக்குல்ல" என்றார். பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தகரக் கொட்டகைக்குள் அன்றைக்கு 38 டிகிரி. அளவுகளுக்கெல்லாம் பொது வெப்பநிலை 20 டிகிரி. 18 டிகிரி வித்தியாசத்தில் 800 மி.மீ. அலுமினியம் 0.33 மி.மீ. வளரும். மெஷினின் ஸ்க்ரூவும் என் அளவுகோலும் எஃகு, அவை அதில் பாதி, 0.17 வளரும். என்னிடம் சரியாகக் காட்டிய அதே பீஸ் 20 டிகிரி அறைக்குப் போனதும் 0.16 குறைந்துதானே ஆக வேண்டும்! டிப்ளமோ முதல் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஏ.சி. அறை கட்ட என்னிடம் பணம் இல்லை. ஆகவே முதல் நாள் ராத்திரியே ஜாபை, அதாவது துளை போட வேண்டிய பீஸை, மெஷின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, விடியற்காலை நாலரை மணிக்கு வந்து அந்த இரண்டு துளைகளை மட்டும் போட ஆரம்பித்தோம். அந்த நேரத்தில் கொட்டகைக்குள் 26 டிகிரி. பிழை 0.055, அனுமதித்த 0.1-க்குள் வந்துவிட்டது. மிச்ச வேலையை வழக்கம்போல் பகலில் செய்தோம். மறுபடி அனுப்பிய பீஸ் எல்லாம் பாஸ். "புரோகிராமில் ஈடுகட்டியிருக்கலாமே" என்பீர்கள். கட்டலாம். ஆனால் கொட்டகையின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நாலு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எந்த எண்ணைப் போடுவீர்கள்?

பணம் வந்த கதையையும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மாற்று பீஸ் பாஸ் ஆன நாளிலிருந்து காசு கைக்கு வர ஏழு மாதம். சிறுதொழில் சட்டம் 2006-ல் வந்தது. 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி என்று அழகாக எழுதியிருக்கிறது. யார் போய்க் கேட்பது? கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. இப்போது வருமான வரிச் சட்டத்தில், நேரத்துக்குக் கொடுக்காத பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது பத்து வருடம் லேட். அந்த ஏழு மாதத்தில் வீட்டம்மா வளையல் அடகுக்குப் போய் வந்தது. போர்மேன் சம்பளத்தைக் கேட்கவே இல்லை, அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. 2019-ல் தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று தொடங்கினார்கள்: சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. மதுரையைத் தேடிப் பார்த்தேன். திருச்சியோடு கோடு நின்றுவிட்டது. தஞ்சாவூரில் சுகோய், சூலூரில் தேஜஸ் என்று நம்மைச் சுற்றித்தான் பறக்கிறது, நாங்கள் அண்ணாந்து பார்க்கலாம். இதற்குமேல் எழுதினால் அரசியல் ஆகிவிடும், விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முடியும். பத்துப் பீஸுக்குக் கீழே என்றால் எக்ஸ்ட்ரூஷன் டை (அலுமினியத்தை நீளமாகப் பிதுக்கி எடுக்கும் அச்சு) போடாதீர்கள், தட்டிலிருந்து குடைந்து எடுப்பதே மலிவு. தண்டவாள உதட்டில் மட்டும் கழற்றி மாற்றக்கூடிய எஃகுப் பட்டை வையுங்கள், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். 7075 என்ற அலுமினியம் வலு கூடியதுதான், ஆனால் விலையும் கூட, அரிப்புக்கும் எளிதில் ஆளாகும். வெளி உருவத்தை மாற்றாமல், தடிமன் கூட்டாமல் 6061-லேயே பலக் கணக்கு நின்றால் அதுவே போதும். நீலப் பட்டை அடிக்க மறக்காதீர்கள், பயிற்சிப் பொருள் என்பதற்கு அதுதான் அடையாளம். மாணவர் ப்ராஜெக்ட் என்றால் முதல் வகையோடு, அதாவது தரைப் பயிற்சி டம்மியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது.

ரிஜெக்ட் ஆன இரண்டில் ஒன்றைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டேன். இன்னொன்று பட்டறையில் வி.எம்.சி.க்கு மேலே சுவரில் இருக்கிறது. போர்மேன் அண்ணன் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடுவது அதில்தான். போன வருடம் மாமா பட்டறைக்கு வந்தபோது அதைக் காட்டி, "இதுதான் அந்த பொம்மையா மாப்ள?" என்றார். ஆமாம் என்றேன். தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். தூக்க முடியவில்லை.