விமானப்படைக்கு நோக்கம் வகுப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: 'வான் ஆதிக்கம் பெறுதல்' என்று எழுதினால் போதாதா சார்?

பதில்: போதாது. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எதற்காக? இவை இல்லாவிட்டால் திட்டமிடுபவருக்குப் பிடி கிடைக்காது. 'தரைப்படை ஆற்றைக் கடந்து முடிக்கும்வரை அந்தப் பகுதிக்கு மேல் எதிரி விமானம் வரக்கூடாது' என்று எழுதிப் பாருங்கள். எந்த ராடாரை முதலில் முடக்குவது, எத்தனை போர் விமானங்கள் வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

கேள்வி: பல நோக்கங்களில் எதை முதலில் வைப்பது?

பதில்: மற்றவற்றுக்கு வழி திறப்பதை. 1940-இல் பிரிட்டன்மீது படையெடுக்க, முதலில் அதன் போர் விமானப் பிரிவை ஒடுக்க வேண்டும் என்பது ஜெர்மனிக்குத் தெரியும். ஆனாலும் செப்டம்பர் 7 முதல் தாக்குதலின் பெரும்பாரம் விமானத் தளங்களை விட்டு லண்டன் பக்கம் திரும்பியது. திணறிக்கொண்டிருந்த தளங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. பத்தே நாளில் ஹிட்லர் படையெடுப்பை ஒத்திவைத்தார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதல் வேலை முடியுமுன் அடுத்ததற்குத் தாவுவது எந்தப் படைக்கும் ஆபத்து.

கேள்வி: இலக்குப் பட்டியல் தயாராக இருக்கிறது. நோக்கம் தனியாக எதற்கு?

பதில்: அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில், எந்திரங்கள் உராய்வின்றிச் சுழல உதவும் பால் பேரிங்குகளைச் (ball bearing) செய்த ஆலைகளை 1943-இல் அமெரிக்கர்கள் இருமுறை தாக்கினார்கள். அக்டோபர் 14 அன்று மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தார்கள். குண்டுகள் ஆலைகள்மீது விழுந்தன. ஆனால் கையிருப்பு இருந்தது, உற்பத்தியைப் பல ஊர்களுக்குப் பிரித்தார்கள், ஜெர்மன் போர் எந்திரம் நிற்கவில்லை. 1944-இல் செயற்கை எரிபொருள் ஆலைகளைக் குறிவைத்தபோது கதை மாறியது. விமானங்கள் இருந்தன, பெட்ரோல் இல்லை. விமானிகளின் பயிற்சி நேரம்கூடச் சுருங்கியது. எதிரியால் எதைச் செய்ய முடியாமல் போக வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பட்டியல் அப்புறம்.

கேள்வி: முன்னேற்றத்தை எப்படி அளப்பது? நம் விமானங்கள் எத்தனை முறை கிளம்பிப் போய் வந்தன என்ற பறப்புகளின் எண்ணிக்கை உதவுமா?

பதில்: அது நம் உழைப்பின் கணக்கு. வட வியட்நாம்மீது 1965 முதல் 1968 வரை அமெரிக்க விமானங்களின் லட்சக்கணக்கான பறப்புகள் நடந்தன. ஆனாலும் அங்கிருந்து தெற்கு வியட்நாமுக்குப் போன ஆட்களும் ஆயுதங்களும் நிற்கவில்லை. அதற்குப் பதில் எதிரிக்கு என்ன ஆனது என்று பாருங்கள்: எதிரித் தளத்திலிருந்து இன்று எத்தனை விமானங்கள் எழும்பின என்று எண்ணுங்கள்.

கேள்வி: அமைதிக் காலத்தில்?

பதில்: அதே முறைதான். 'ஆயத்தநிலையை உயர்த்துதல்' என்று எழுதாதீர்கள். உத்தரவு வந்த எத்தனை மணி நேரத்தில் எத்தனை விமானங்கள், முழு ஆயுதத்தோடு, எந்தத் தளத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று எழுதி, அதற்குப் பொறுப்பான ஒரே ஒரு அதிகாரியையும் குறிப்பிடுங்கள். உதிரிபாகம், பயிற்சி நேரம், ஓடுதளப் பழுதுபார்ப்பு எல்லாம் அதன் கீழே வரிசையாக வரட்டும்.